தேடப்படுபவரும் தேடப்படாதவரும்

குற்றப் புனைவின் கிளைகளுள் காவல்துறை நடைமுறைப் புதினம் என்று வழங்கப்படுவது, தனியொரு மேதையின் கூர்மதியை நம்பாமல், ஒரு காவல் நிலையத்தில் பலர் கூடிச் செய்யும் சலிப்பூட்டும் வேலையையே கதையின் உயிராகக் கொள்ளும் வகையாகும். வீடுவீடாகச் சென்று விசாரிப்பது, கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது, தொலைபேசி அழைப்புகளின் பட்டியலை வரிவரியாகச் சரிபார்ப்பது, கூடுதல் ஆள் கேட்டு மேலதிகாரியிடம் மன்றாடுவது போன்றவையே இதில் நிகழ்ச்சிகள். 1945இல் வந்த லாரன்ஸ் டிரீட்டின் ‘வி ஆஸ் இன் விக்டிம்’ இவ்வகையின் முன்னோடி என்பர். 1956இல் எட் மெக்பெயின் தொடங்கிய 87ஆம் காவல் சரக நாவல் வரிசை இதை நிலைநிறுத்தியது. சுவீடனின் மாய் ஷோவாலும் பெர் வாலூவும் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து மார்ட்டின் பெக் நாவல்களோ, ஒரு குற்றத்தின் வழியே ஒரு சமூகம் முழுவதையும் விசாரணைக் கூண்டில் ஏற்றலாம் என்று காட்டின. ஆங்கிலேய எழுத்தாளர் சூசி ஸ்டைனர் 2016இல் வெளியிட்ட ‘மிஸ்ஸிங், பிரிஸ்யூம்டு’ இந்தக் கடைசி மரபில் வைத்துப் படிக்கத்தக்கது. காணாமற்போகும் எல்லாரையும் ஒரு நாடு ஒரே அக்கறையோடு தேடுவதில்லை என்னும் உண்மையை, அந்நாவல் விசாரணை நடைமுறையின் விவரங்களைக் கொண்டே நிறுவுகிறது.

கதை நடப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில், பனி பெய்யும் டிசம்பர் மாதத்தின் நடுவில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து முதுநிலை ஆய்வு மாணவி எடித் ஹிண்ட் தன் வீட்டிலிருந்து மறைந்துபோகிறாள். கதவு சற்றே திறந்திருக்கிறது, சாவியும் தொலைபேசியும் உள்ளேயே கிடக்கின்றன, சமையலறைத் தரையில் இரத்தத் துளிகள் தெறித்திருக்கின்றன. வழக்கை விசாரிப்பவர்களுள் முதன்மையானவர் டிடெக்டிவ் சார்ஜென்ட் மேனன் பிராட்ஷா. அதாவது, குற்றப் புலனாய்வுப் பிரிவில் இன்ஸ்பெக்டருக்கு அடுத்த நிலையில், களப்பணியை நேரடியாக நடத்தும் அலுவலர். முப்பத்தொன்பது வயதான அவர் தனியாக வாழ்கிறார். இணையத்தில் துணை தேடிச் சந்திக்கும் ஆண்களிடம் ஏமாற்றமே மிஞ்ச, இரவில் காவல்துறை வானொலியின் முணுமுணுப்பைக் கேட்டபடியே உறங்க முயல்கிறார். எடித் காணாமற்போன செய்தியும் அந்த வானொலி வழியாகவே அவரை வந்தடைகிறது.

பெண் ஒருவரை விசாரணையின் மையத்தில் நிறுத்துவது 2016இல் புதுமையாக இருக்கவில்லை. நியூயார்க் போக்குவரத்துக் காவல்துறையில் பணியாற்றிய டாரதி உனாக், கிறிஸ்டி ஒபாரா என்னும் பெண் துப்பறிவாளரை 1968லேயே நாவலில் படைத்துவிட்டார். 1991இல் லிண்டா லா பிளான்ட் எழுதிய ‘பிரைம் சஸ்பெக்ட்’ தொலைக்காட்சித் தொடரின் ஜேன் டென்னிசன், கொலைகாரனைப் பிடிப்பதைவிடத் தன்கீழ் வேலை செய்யும் ஆண்களைப் பணியவைக்கவே அதிகம் போராட வேண்டியிருந்தது. மேனன் பிராட்ஷாவின் உலகம் அங்கிருந்து ஒரு தலைமுறை தள்ளி இருக்கிறது. அவருடைய மேலதிகாரி ஹாரியட் ஹார்ப்பரும் ஒரு பெண். பதவிக்கான போர் ஓரளவு முடிந்துவிட்ட இடத்தில், வேலைக்கு வெளியே எஞ்சியிருக்கும் வெறுமையைத்தான் ஸ்டைனர் எழுதுகிறார். அதையும் அழுகையாக அல்லாமல் கசப்பு கலந்த நகைச்சுவையோடு எழுதுவதால், மேனன் இரக்கத்துக்குரியவராகச் சுருங்கிவிடாமல், அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் எரிச்சல் மிகுந்த, ஆனால் விரும்பத்தக்க மனுஷியாகத் தெரிகிறார்.

ஒரு கொலை வழக்கைவிடக் காணாமற்போனோர் வழக்கு நடைமுறையளவில் சிக்கலானது. உடல் கிடைத்தால் குற்றம் நடந்தது உறுதி; ஆள் மட்டும் இல்லையென்றால், நடந்தது கடத்தலா, கொலையா, தற்கொலையா, தானாக வெளியேறியதா என்பதே தெரியாமல் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருக்கிறது. புகார் கொடுக்க இருபத்துநான்கு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று பலரும் நம்புவது தவறு. பிரிட்டனில் அத்தகைய விதி கிடையாது; புகார் வந்தவுடனேயே ஆபத்தின் அளவை மதிப்பிட்டு, குறைவு, நடுத்தரம், உயர்வு என்பன போன்ற படிநிலைகளில் வழக்கை வைக்க வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை. உயர் ஆபத்து என்று குறிக்கப்பட்டால் ஆள்பலம் உடனே குவிக்கப்படும். குறைவு என்று குறிக்கப்பட்டால் கோப்பு காத்திருக்கும். வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டதா, தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு கடைசியாகத் தொடர்பு கொண்டது, மருத்துவமனைகளில் யாரேனும் சேர்க்கப்பட்டார்களா, கடவுச்சீட்டு பயன்படுத்தப்பட்டதா என்று உயிரோடிருப்பதற்கான தடயங்களைத் தேடுவது முதற்கட்ட வேலை. அத்துடன் இன்னொரு நுட்பமான நெறியும் உண்டு: வயதுவந்த ஒருவர் தன் விருப்பத்தால் விலகிச் சென்றிருந்தால், அவரைக் கண்டுபிடித்த பிறகும், அவருடைய சம்மதமின்றி இருப்பிடத்தைக் குடும்பத்தினரிடம் காவலர்கள் சொல்வதில்லை, நலமாக இருக்கிறார் என்பதை மட்டும் தெரிவிப்பார்கள். பெற்றோருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. கண்டுபிடிக்கப்படாமலே போனவர் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இறந்தவராகக் கருதப்படலாம் என்னும் ஆங்கிலேய மரபு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் 108ஆம் பிரிவாக இடம்பெற்றது என்பதால், இந்திய வாசகர்களுக்கும் இது அந்நியமான செய்தியன்று.

எடித்தின் வழக்கில் ஆபத்தின் அளவை மதிப்பிடும்போதே இரத்தத் துளிகளைவிட எடைமிக்க ஒன்று தராசுத்தட்டில் ஏறிவிடுகிறது. அவளுடைய தந்தை சர் இயன் ஹிண்ட், அரச குடும்பத்துக்கே மருத்துவம் பார்ப்பவர். ஆட்சி வட்டாரத்தில் செல்வாக்குடையவர். முதல் எழுபத்திரண்டு மணிநேரத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் பிறகு உடலைத்தான் தேட வேண்டியிருக்கும் என்று மேனன் அறிந்திருப்பதைப்போலவே, அந்த அழகிய முகத்தின் புகைப்படத்தைப் பார்த்தவுடன் இது செய்தித்தாள்களின் வழக்காக மாறும் என்பதையும் அறிகிறார். அப்படியே ஆகிறது. நிருபர்கள் வாசலில் குவிகின்றனர்; எடித்தின் அந்தரங்க உறவுகள் தலைப்புச் செய்திகளாகின்றன; தேடலுக்கு உதவ வேண்டிய விளம்பரமே அவளுக்கு நெருக்கமானவர்களைக் கிழித்துப்போடுகிறது. இவ்விடத்தில் நாவல் மேனனை மட்டும் பின்தொடராமல், எடித்தின் தாய் மிரியம், மேனனின் இளைய சகா டேவி வாக்கர் எனப் பலர் பார்வையில் அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுப்பது பெரும் பயன் தருகிறது. விசாரணைக் குழு ஒரு கோப்பாகப் பார்ப்பதை மிரியம் உறக்கமற்ற இரவாக அனுபவிப்பதை அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேறு வழியில்லை.

இந்த ஆரவாரத்தின் நடுவே ஆற்றில் ஓர் உடல் கிடைக்கிறது. எடித் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அது லண்டனைச் சேர்ந்த டெய்லர் டென்ட் என்னும் ஏழைக் கறுப்பின இளைஞனின் உடல். அவன் காணாமற்போனதற்காக எந்தக் கேமராவும் எந்த வாசலிலும் காத்திருக்கவில்லை. அவனுக்காக உண்மையில் ஏங்கியது ஃபிளை என்று அழைக்கப்படும் தம்பி ஒருவன்தான். அமெரிக்க இதழாளர் க்வென் ஐஃபில் 2004இல், வெள்ளையினப் பெண் காணாமற்போனால் மட்டும் ஊடகங்களுக்கு வரும் வேகத்தை ஒரு நோய்க்குறி என்றே பெயரிட்டுக் கேலி செய்தார். ஸ்டைனர் அதே விமர்சனத்தை உரையாகச் சொல்லாமல், எத்தனை அலுவலர்கள் எந்த வழக்குக்கு ஒதுக்கப்படுகின்றனர், யாருடைய தொலைபேசிக்கு மேலதிகாரி உடனே பதில் அளிக்கிறார் என்ற விவரங்களாலேயே உணர்த்திவிடுகிறார். நடைமுறைப் புதினம் என்னும் வடிவத்துக்கு மட்டுமே இயலும் விமர்சனம் இது. மேனனுக்கும் அச்சிறுவனுக்கும் இடையில் வளரும் பற்று நாவலின் மிகச் சிறந்த பகுதி என்பதில் ஐயமில்லை. புதிர் அவிழும் பிற்பகுதியிலோ தற்செயல்கள் சற்றுத் தாராளமாகவே கைகொடுக்கின்றன.

செய்தித்தாள்கள் ஒரு முகத்தை எப்படிச் சரக்காக்குகின்றன என்பதை ஸ்டைனர் வெளியிலிருந்து ஊகித்து எழுதவில்லை. 1971இல் பிறந்த அவர், ‘தி கார்டியன்’ நாளிதழ் உள்ளிட்ட இதழ்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிபுரிந்தவர். விழித்திரையைப் படிப்படியாகச் சிதைக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் மரபுவழி நோயால் பார்வையை இழந்துகொண்டே எழுதியவர். முதல் நாவல் ‘ஹோம்கமிங்’ 2013இல் வெளியான காலத்தில், சட்டப்படி பார்வையற்றவராகப் பதிவு செய்யப்பட்டிருந்தார். மேனன் வரிசையின் இரண்டாம் நாவலான ‘பர்சன்ஸ் அன்நோன்’ 2017இல் வந்தது. அதில் ஒரு கத்திக்குத்துக் கொலையில் சந்தேகம் ஃபிளையின்மீதே விழ, காவல்துறையின் நிறவேறுபாட்டுப் பார்வையை மேனன் ஒரு தாயின் இடத்திலிருந்து எதிர்கொள்ள நேர்கிறது. புலம்பெயர்ந்த லித்துவேனியத் தொழிலாளர்களின் வாழ்வைத் தொட்ட ‘ரிமெய்ன் சைலன்ட்’ 2020இல் வெளியானபோது, ஆசிரியர் மூளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். 2022 ஜூலையில், 51ஆம் வயதில், அவர் காலமானார். மேனன் வரிசை மூன்று நாவல்களோடு நின்றுவிட்டது. ஒவ்வொன்றிலும் தனி வழக்கு இருந்தபோதிலும், ஃபிளையும் மேனனும் ஒருவரையொருவர் கண்டடையும் கதை முதல் நூலில்தான் தொடங்குவதால், வாசிக்க விரும்புவோர் வெளியான வரிசைப்படியே படிப்பது நல்லது.