குழம்பிய முகவரிப் புத்தகம்

மருதமுனைக் கைத்தறி வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நோன்புப் பெருநாள் நெருங்குகின்றது. கொழும்புக் கடைகளுக்குச் சாரன் விலைப்பட்டியல் சென்றாக வேண்டும். ஆண்டாண்டாய்ச் சேர்த்த முகவரிகளை விரிதாளிலிருந்து தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியினுள் ஒரே மூச்சில் கொணர்கிறார். வந்ததோ குழப்பம். பெயர்கள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பழைய ஏற்பாடு அது. 1991இல் தமிழுக்கு இடமளித்த யூனிகோடு முறையோடு ஒட்டாது. எனவே பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் நிற்கின்றன. கல்முனைக் குறியெண் 067இன் முன்னிற்கும் பூச்சியத்தை விரிதாள் விழுங்கிவிட்டது.

இவ்வேளை செயலியை அகற்றி மீண்டும் நிறுவுவோர் பலர். அது வீண் வேலை. கடிதங்களும் முகவரிகளும் செயலியில் அல்ல, 'புரொஃபைல்' எனும் தனிக் கோப்புறையில் உறைகின்றன. செயலியை மூடி, அக்கோப்புறையை முழுமையாகப் படியெடுத்தல் முதற்கடன். வந்தவை தனிப் புத்தகமாய் நின்றால் அதனை மட்டும் நீக்கினாற் போதும். பழையவற்றோடு கலந்திருப்பின், 'ஏபுக்' என்னும் கோப்பை வேறிடத்துக்கு மாற்றவேண்டும். மீளத் திறக்கையில் செயலி வெற்றுப் புத்தகமொன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். கடிதங்களுக்கு ஊறில்லை. முன்னர் கடிதம் எழுதப்பெற்றோரின் முகவரிகள் பெரும்பாலும் 'ஹிஸ்டரி' என்னும் மற்றொரு கோப்பில் தாமே சேர்ந்திருக்கும். வணிகருக்கு அதுவே பெரும் ஆறுதல்.

பின்னர் பாமினியை யூனிகோடாக மாற்றி, தொலைபேசிப் பத்தியை எழுத்து வகையாக்கி, ஐந்து பெயர்களை மட்டும் முதலில் ஏற்றிப் பார்க்கலாம்.