சுண்டெலி தந்த சாட்சியம்

"புற்றுநோய்க்குப் புதிய மருந்து, சோதனையில் எலிகள் முற்றும் குணமடைந்தன" என நாளேடுகளில் அவ்வப்போது செய்தி வருவதை நாம் காண்கிறோம். நோயாளி இருக்கும் இல்லத்தில் அச்செய்தி பெரும் நம்பிக்கையை எழுப்புகிறது. மருத்துவரிடம் கேட்டாலோ, அம்மருந்து இன்னும் மனிதருக்கு வரவில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அப்படியாயின் அச்செய்தி பொய்யா? பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையுமன்று. ஆய்வுக்கூடச் சுண்டெலி எதற்குச் சாட்சி சொல்ல வல்லது, எதற்கு வல்லதன்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் அயலாரை இனங்கண்டு அழிக்கின்றன. நோய்க்கிருமி அயலார், புற்றுநோயோ நம் சொந்த உயிரணுக்களிலிருந்தே பிறப்பது. அதனை வெள்ளணுக்கள் பகை என்று அறியுமா? இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதாயிருக்கவில்லை. ஓர் எலியின் கட்டியை மற்றோர் எலியின் உடலில் வைத்தபோது அது பலமுறை அழிந்தது. புற்றுநோய் என்பதால் அழிந்ததா, பிறிதோர் எலியின் தசை என்பதால் அழிந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் குக் லிட்டில் 1909-இல் தொடங்கிய பணி இத்தடையை நீக்க வழி செய்தது. உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, இரட்டைப் பிள்ளைகளைப் போல் மரபில் ஒத்த எலிக்குலங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றன் தோலை மற்றொன்று மறுப்பதில்லை. 1957-இல் ப்ரென், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர், இத்தகைய எலிகளில் இரசாயனத்தால் உண்டான கட்டியை வளரவிட்டு, பின் அகற்றினர். அதே கட்டியை மீண்டும் வைத்தபோது எலியின் உடல் அதை ஏற்க மறுத்தது. அக்கட்டி முதலில் தோன்றிய எலியின் தோலையோ ஏற்றுக்கொண்டது. புற்றுநோயை உடல் தனியே இனங்காண வல்லது என்பதற்கு இது வலிய சான்றாயிற்று.

இனங்காண இயலுமெனில், நோய் ஏன் வெல்கிறது? வண்டிக்கு பிரேக் இருப்பதுபோல், டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களுக்கும் அவற்றின் வேகத்தை அடக்கும் புரதங்கள் உண்டு. சி.டி.எல்.ஏ-4 என்பது அவற்றுள் ஒன்று. அந்த பிரேக்கை விடுவித்தால் என்ன என்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜேம்ஸ் அலிசன் எண்ணினார். 1994-ஆம் ஆண்டின் இறுதியில், கட்டியுள்ள எலிகளுக்கு அப்புரதத்தை மறிக்கும் எதிர்ப்பொருள் செலுத்தப்பட்டது. கட்டிகள் மறைந்தன. நம்ப முடியாமல், கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே சோதனையை மீண்டும் நடத்தினர். அதே முடிவு கிடைத்தது. ஜப்பானில் தசுக்கு ஹோஞ்சோ 1992-இல் பி.டி-1 என்னும் மற்றொரு பிரேக்கைக் கண்டறிந்திருந்தார். இருவருக்கும் 2018-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் எல்லா எலிகளும் ஒரே விடையைத் தரவில்லை. பி-16 என்னும் கருநிறத் தோல் புற்றுநோயை இம்மருந்து தனித்து வெல்லவில்லை. 1999-இல் அதனுடன் ஒரு தடுப்பூசியைச் சேர்த்தபோது பல எலிகள் பிழைத்தன. ஆனால் அவற்றின் கறுத்த மயிர் வெளுத்தது. கட்டுவிடப்பட்ட வெள்ளணுக்கள், நிறம் தரும் நல்ல உயிரணுக்களையும் தாக்கிவிட்டன. இஃது ஒரு முன்னெச்சரிக்கை. பின்னர் இம்மருந்தைப் பெற்ற மனிதர் பலருக்குக் குடலிலும் தோலிலும் அழற்சி உண்டானது.

மனிதரில் பலன் எவ்வாறிருந்தது? முற்றிய தோல் புற்றுநோயாளர் 676 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இம்மருந்தைப் பெற்றோருள் பாதிப்பேர் ஏறத்தாழ 10 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பெறாதோருக்கு அக்காலம் 6.4 மாதம். சிலர் பல்லாண்டு வாழ்ந்தனர், பலருக்குப் பயனில்லை. எலிக்கூண்டில் கண்ட வெற்றி, மருத்துவமனையில் ஒரு பகுதியே கிடைத்தது. ஆயினும் அதற்குமுன் அந்நோயாளரின் வாழ்நாளை நீட்டியதாக மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இருந்ததில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் உண்டு. எலியின் தோலடியில் வைக்கும் கட்டி சில வாரங்களில் வளர்கிறது; மனிதரில் அது பல்லாண்டு மறைந்து வளரக் கூடும். எலிகள் இளமையானவை, தூய கூண்டில் வளர்பவை. நாமோ பல தொற்றுகளைக் கடந்து முதுமை எய்துகிறோம். 2015-இல் சிகாகோ ஆய்வாளர், ஒரே குலத்து எலிகளை இரு வேறு பண்ணைகளிலிருந்து பெற்றபோது, கட்டி வளரும் வேகம் வேறுபடுவதைக் கண்டனர். எலிகளை ஒரே கூண்டில் சேர்த்து வளர்த்தபின் வேறுபாடு மறைந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களே காரணம். கூண்டு மாறினாலே விடை மாறுமெனில், எலியிலிருந்து மனிதருக்குச் செல்லும் தூரம் எத்தகையது!

வாயற்ற அவ்வுயிர்களின் துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. மனித உயிரைக் காக்க உதவும் ஆய்வு நியாயமான எல்லைக்குள் ஏற்கத்தக்கது என்றும், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது தகாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. இயன்ற இடத்தில் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரசல், பர்ச் என்போர் 1959-இல் வகுத்தனர். அவை இன்று பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் கடைப்பிடிக்கப்படுகின்றன.

ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: சோதனை எலியிலா, மனிதரிலா? எந்த வகைப் புற்றுநோய்க்கு? எத்தனை பேருக்குப் பயன், எத்தனை பேருக்குத் தீங்கு? விடையை நம் மருத்துவரிடமே கேட்டறிவோம். எலி குணமான செய்தியை நம்பி, நடந்துவரும் சிகிச்சையை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. 1994-இல் எலியில் கண்ட உண்மை மருந்துக் கடையை எட்ட 2011 வரை ஆயிற்று. அப்பதினேழு ஆண்டுகளின் பொறுமையான உழைப்பும், ஆய்வுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த நோயாளரின் துணிவும் சேர்ந்தே அம்மருந்தை நமக்குத் தந்தன.