அயிரைக்கு ஏற்ற தரை

காட்சித் தொட்டி அமைப்போர் நீரின் அளவையே முதலில் கணக்கிடுவர். அயிரை வளர்க்க விரும்புவோர் தரையிலிருந்து தொடங்குதல் நன்று. 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 40 லிட்டர் நீர் கொள்ளும். அதன் தரைப்பரப்பு 1350 சதுர செ.மீ. அதையே நிமிர்த்தி, 30 செ.மீ. சதுர அடியில் 45 செ.மீ. உயரமாகச் செய்தால் நீர் குறையாது. தரையோ 900 சதுர செ.மீ. ஆகச் சுருங்கும். நெடிய தொட்டி கூடத்துக்கு அழகு தரலாம். அயிரைக்கு அதனால் பயனில்லை.

காரணம் அதன் உடலமைப்பு. பிற மீன்களை நடுநீரில் நிறுத்தும் நீந்துபை, அயிரை இனத்தில் சிறுத்து எலும்புக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆதலால் நீந்துவதை நிறுத்திய மீன் தரையில் அமர்ந்துவிடும். கீழ்நோக்கிய வாயைச் சூழ்ந்த மீசைகள் இரையைத் தொட்டும் சுவைத்தும் அறிபவை. மணலை வாயால் அள்ளி, நுண்புழுக்களை நிறுத்திக்கொண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே உதிர்க்கும். அஞ்சினால் நொடியில் மணலுக்குள் புதையும். உருண்ட மணிகளையுடைய ஆற்றுமணலைச் சலித்துக் கழுவிப் பரப்புவதே இதற்குத் தகும். கடைகளில் விற்கும் வண்ணச் சரளை மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். கட்டடப் பணிக்குரிய எம்-சாண்டும் கூர்முனை கொண்டதே.

தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் நம் அயிரை பெரும்பாலும் சுண்டுவிரல் நீளமே வளரும். பிற மீனோடு பூசலிடாது. தன்னினத்தார் ஐந்தாறு பேர் உடனிருந்தால்தான் பகலிலும் வெளியே வரும். பிரெஞ்சு அறிஞர் வலான்சியென் 1846இல் இதனை விவரித்தபோது, திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீன்களையே சான்றாகக் கொண்டார். எனவே நம் ஊர்க் கோடையை எண்ணி இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெப்பத்தால் நீரில் குறையும் உயிர்வளியே கவலைக்குரியது. தூய நீர் 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மி.கி. உயிர்வளியைக் கொள்ளும், 30 பாகையில் 7.5 மி.கி. அளவே கொள்ளும்.

இக்குறையை ஈடுசெய்யும் ஆற்றல் அயிரைக் கூட்டத்துள் பலவற்றுக்கு உண்டு. நீர்மட்டத்துக்குப் பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, குருதிக்குழாய்கள் செறிந்த குடற்சுவரால் உயிர்வளியை உறிஞ்சி, எஞ்சிய காற்றைக் கழிவாய் வழியே குமிழாக வெளியேற்றும். ஐரோப்பிய இனம் ஒன்றில் இக்குடல்மூச்சை எர்மான் என்னும் அறிஞர் 1808இலேயே விளக்கியுள்ளார். செடி அடர்ந்த தொட்டியில் இதை உற்று நோக்க வேண்டும். பகலில் உயிர்வளி வழங்கும் செடிகள் இரவில் தாமும் அதை நுகர்கின்றன. ஆகவே விடியற்காலையில் இருப்பு மிகக் குறையும். அவ்வேளையில் அயிரைகள் ஓயாது மேலெழுந்தால் அதை விளையாட்டென்று கண்டு மகிழ்வது பேதைமை. காற்றை விழுங்கத் தெரியாத உடன்வாழ் மீன்கள் அதற்குள் திணறத் தொடங்கியிருக்கும். காற்றுக்குழாயால் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்று போதும். அது நீர்ப்பரப்பை அசைக்கும், சிறுமீனை உள்ளிழுக்காது. மேலே பாயும் மீனாதலால் மூடியும் தேவை.

செடிகளுள் இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டியை நான் முதலில் வைப்பேன். மங்கிய ஒளியே அதற்குப் போதும்; அதன் வேர்கள் மணலுக்குள் உயிர்வளியைக் கசியவிட்டு அழுகலைத் தடுக்கும். ஆனால் வேரூன்றாத செடியை அயிரை கிளறிப் பெயர்த்துவிடும். மீனை விடுவதற்குச் சில வாரங்கள் முன்பே நட்டுவிட்டால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும் அதற்குள் வடிகட்டியில் குடியேறிவிடும்.

அயிரையைத் தொட்டியின் துப்புரவாளர் என்று சொல்லி விற்போர் உளர். அது பொய். எச்சத்தை அது உண்ணாது. விளக்கணைந்தபின் அடியில் தங்குமாறு இடும் சிறுபுழுக்களே அதற்கு ஏற்ற உணவு. மதுரையில் குழம்புக்கென உயிரோடு விற்கும் மீனை வாங்கித் தொட்டியில் விடுவோர், சில வாரங்களேனும் தனித்தொட்டியில் வைத்து நோயின்மையை உறுதி செய்க. இடம் மாற்றும்போது வலையைத் தவிர்க்கவும்: கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் இருகவர் முள்ளை அச்சத்தில் விரிக்கும், அது வலைக்கண்ணில் மாட்டினால் விடுவிப்பதற்குள் மீன் காயப்படும். ஒரு குவளையை நீரில் அமிழ்த்தி, அதற்குள் ஓட்டி எடுப்பதே முறை.