முதலில் தாள், பிறகே பளபளப்பு

கல்யாணப் பத்திரிகையானாலும் கவிதைத் தொகுப்பானாலும் கடையின் விசிட்டிங் கார்டானாலும், இன்று எல்லாம் கணினித் திரையில்தான் பிறக்கின்றன. எழுத்து, வண்ணம், படம் எல்லாம் முடிவாகி, வாட்ஸப்பில் வீட்டார் அத்தனை பேரும் பார்த்துச் சரி சொன்ன பிறகு, அச்சகத்தில் ஒரு கேள்வி வரும்: "என்ன பேப்பர் போடலாம்?" பெரும்பாலும் பதில் "நல்லதா போடுங்க" என்பதுதான். அடுத்து லேமினேஷனா, ஸ்பாட் யூவியா, தங்க ஃபாயிலா என்ற பேச்சு தொடங்கும். அது மட்டும் வெகுநேரம் நடக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. தாளைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். வடிவமைப்பு அந்தத் தாளுக்கு ஏற்ப அமைய வேண்டும். மினுமினுப்பும் மேடுபள்ளமும் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். ரசனைக்காக இதைச் சொல்லவில்லை. மை எப்படிப் படியும், மடிப்பு வெடிக்குமா, அட்டை சுருளுமா என்பதையெல்லாம் தாள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. கடைசியில் சேர்க்கும் எந்த அலங்காரமும் அதைத் திருத்தாது.

தாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஜிஎஸ்எம்?" என்றுதான். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கும் என்பதே அந்தக் கணக்கு. ஏ0 அளவுத் தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் 16-இல் ஒரு பங்கு. ஆக, 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஆனால் இது எடையைத்தான் சொல்கிறது, தடிமனைச் சொல்வதில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். ஆர்ட் பேப்பரின் மேல் வெண்களிமண், கால்சியம் கார்பனேட் போன்றவற்றைப் பூசி, உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்குகிறார்கள். பூச்சு கனமானது, இழைகளும் நெருங்கிவிடுகின்றன. அதனால் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் கையில் தொய்ந்து விழும். அதே எடையுள்ள பூச்சில்லாத தாள் விறைப்பாக நிற்கும். புத்தகங்களுக்கு இப்போது பலர் விரும்பும் பல்க்கி தாள் இதற்கு நேர்மாறு. இழைகளுக்கிடையே காற்று அதிகம். எடை குறைவு, தடிமன் அதிகம். 300 பக்க நாவலைப் படுத்துக்கொண்டு படிக்க அதுவே வசதி. ஆனால் அது மையை நன்றாக உறிஞ்சும், படங்கள் மங்கும். எடை, தடிமன், மறுபக்க எழுத்து தெரியாமல் மறைக்கும் திறன், மையை உறிஞ்சும் தன்மை ஆகிய நான்கும் தனித்தனிக் குணங்கள். ஒன்றைக் கேட்டு மற்ற மூன்றையும் ஊகித்தால் தவறாகத்தான் முடியும்.

இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை இழைகளுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சற்றுப் பரவும். திரையில் பார்த்ததைவிட ஒவ்வொரு புள்ளியும் அச்சில் பெரிதாகும். ரோமன் எழுத்துகளில் உள்வெளிகள் அகலமானவை என்பதால் இந்தப் பரவலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தமிழிலோ ‘ண’வின் சுழிகள், ‘ஞ’வின் வளைவு, ‘ஐ’யின் உள்வெளி எல்லாம் நெருக்கமானவை. சின்ன அளவில் இவை அடைபடும். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி இன்னும் மோசமான இடம். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்து, அந்தக் கருமையை நான்கு வண்ணங்களையும் கலந்து உண்டாக்கினால், நான்கில் ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளைப் புள்ளி மூடிப்போகும், மெய் உயிர்மெய்யாகிவிடும். பத்திரிகையில் பெரியவர்களின் பெயர்கள் அப்படித் திரிவது சின்னக் குறையல்ல. உறிஞ்சும் தாளைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும், தடித்த எழுத்தைச் சற்று இலேசாக்க வேண்டும், எழுத்தை ஒரே மையில் அச்சிட வேண்டும். இவை எல்லாம் வடிவமைக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள். வடிவமைப்பு முடிந்த பிறகு தாளைத் தேடினால் யாரும் இவற்றைச் செய்ய முடியாது.

அலங்கார வேலைகளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். ஸ்பாட் யூவி என்பது குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளக்கும் பூச்சு. மேட் லேமினேஷன் செய்த அட்டைமேல் அது கண்ணாடிபோல் நிற்கும். பூச்சில்லாத தாளின் மேல் ஊற்றினால் உள்ளே இறங்கி, எண்ணெய்க் கறைபோல் தெரியும். தங்க மை வேறு, தங்க ஃபாயில் வேறு. உறிஞ்சும் தாளில் தங்க மை பழுப்பாக மங்கிவிடும். ஃபாயிலைச் சூடான உலோக டையால் அழுத்தி ஒட்டுகிறார்கள்; அது எந்த நிறத் தாளிலும் மின்னும். ஆனால் தாளின் மேடுபள்ளம் ஆழமாக இருந்தால் குழிகளில் ஒட்டாமல் திட்டுத்திட்டாகும். எழுத்து சிறிதாக இருந்தால் சுழிகள் நிரம்பிவிடும். எம்பாஸ் செய்யத் தடிமனும் நீண்ட இழையும் உள்ள தாள் வேண்டும். இல்லையேல் மேடு எழும்பாது, எழும்பினாலும் ஓரத்தில் கிழியும். முன்பக்கம் எழும்பிய விநாயகர் பின்பக்கம் குழியாகத் தெரிவார் என்பதை மறந்து, அதே இடத்தில் உள்பக்கம் நிகழ்ச்சி நிரலை வைப்பவர்கள் உண்டு. ஆக, எந்த அலங்காரம் முடியும், எது முடியாது என்ற பட்டியலைத் தாள்தான் எழுதுகிறது.

மடிப்பின் கதையும் இதேதான். ஆலையில் கூழ் வேகமாக ஓடும் கம்பிவலைமேல் விழும்போது இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்ளும். எல்லா ஆலைத் தாளுக்கும் இந்த இழையோட்டத் திசை உண்டு. அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் இழைகள் முறிந்து, மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரியும். கனமான ஆர்ட் கார்டில் முதலில் கிரீசிங் போட்டு, அதாவது மடிப்புக்கோட்டை அழுத்திப் பள்ளமாக்கி, மடித்தால்கூடக் குறுக்கு மடிப்பு நல்லபடி நிற்பதில்லை. புத்தகத்தில் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் பக்கங்கள் சாதுவாகத் திறக்கும்; மாறினால் புத்தகம் தானே மூடிக்கொள்ள முயலும். தாளை மிச்சப்படுத்தவென்று பெரிய தாளில் பக்கங்களைத் திருப்பி அடுக்கும் வழக்கத்தில் இது அடிக்கடி பலியாகிறது. கொஞ்சம் தாள் மிச்சம், வாங்கிய அத்தனை பேருக்கும் தொல்லை.

சரி, எதைக் கொண்டு தாளைத் தேர்ந்தெடுப்பது? அச்சிட்ட பொருள் பிறகு யார் கையில் என்ன பாடுபடப் போகிறது என்பதைக் கொண்டுதான். கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். உறையின்மேல் பேனாவால் பெயர் எழுதுவார்கள். தட்டில் வெற்றிலை பாக்குடன் வைத்து நீட்டுவார்கள். பூச்சில்லாத தாளில் மஞ்சள் இறங்கி நிற்கும். லேமினேஷன் செய்த அட்டையில் மேலோட்டமாகக் காய்ந்து, உதிர்ந்து, அடுத்த பத்திரிகையின்மேல் ஒட்டும். வழவழ உறையில் ஜெல் பேனா எழுத்து காயாமல் இழுபடும். அலங்காரங்கள் ஏறிக்கொண்டே போகும் பத்திரிகையில், சடங்கின் இந்த இரண்டு செயல்களுக்கும் இடமில்லாமல் போகிறது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை பூச்சில்லாத நல்ல அட்டை, ஒரே ஒரு நிறம், தேவையானால் பெயர்களுக்கு மட்டும் ஃபாயில்: என் கணிப்பில் அதுவே கம்பீரமான பத்திரிகை.

புத்தக அட்டைக்கு வருவோம். மேல்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை, கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் வெளிப்புறமாகச் சுருளுவதை எல்லா வாசகர்களும் பார்த்திருப்பார்கள். படலம் ஈரத்தை உள்ளே விடாது. உள்பக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் வளைவதைத் தவிர வேறு வழியில்லை. மெல்லிய அட்டை என்றால் சீக்கிரம் வளையும். மேட் லேமினேஷன் கருநிறங்களைச் சற்று வெளிறச் செய்கிறது; கறுப்பு அட்டையில் விரல் ரேகையையும் உரசல் கோட்டையும் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் அது வழக்கமாகிவிட்டதற்குக் காரணம், வேறு வழி இருப்பதை யாரும் சொல்லாததுதான். நீர் கலந்த அக்வஸ் பூச்சு போதுமான பாதுகாப்பு தரும், படலம்போல் சுருளவும் செய்யாது. அட்டையின் எடையைக் கூட்டினாலே பாதி சிக்கல் தீரும்.

தாளை முதலில் முடிவு செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு நல்ல சான்று உண்டு. தாரா புக்ஸ் பதிப்பகம் 2006-இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற நூலில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்கள் உள்ளன. கதை இரவில் நடப்பது; ஆகவே கையால் செய்த கறுப்புத் தாள். கறுப்பின்மேல் ஆஃப்செட் மை தெரியாது, ஏனெனில் அது ஒளி ஊடுருவும் மை. தாளின் நிறம் அதை விழுங்கிவிடும். எனவே மை கெட்டியாகப் படியும் ஸ்கிரீன் பிரிண்டிங், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சு, கையால் தைத்த கட்டு. அந்த நூல் 2008-இல், குழந்தை நூல்களுக்கான போலோன்யா ராகாஸ்ஸி விருதுப் பிரிவுகளில் ஒன்றான நியூ ஹொரைசன்ஸ் விருதைப் பெற்றது. அதில் ஃபாயிலும் இல்லை, யூவியும் இல்லை. தாள் ஒன்றை முடிவு செய்ததும் அச்சு முறை, மை, கட்டு எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: "ஜனங்களுக்குப் பளபளப்புதானே பிடிக்கிறது?" பிடிக்கிறதுதான். சிவகாசி அச்சுத்தொழில் வளர்ந்தது தீப்பெட்டி லேபிளிலும் பட்டாசுப் பெட்டியிலும் நாட்காட்டியிலும். அவை கடை அலமாரியிலிருந்தும் சுவரிலிருந்தும், தூரத்திலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டியவை. அங்கே பளபளப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. புத்தகமும் அழைப்பிதழும் கண்ணுக்கு ஓரடி தூரத்தில், விரல்களுக்கிடையே இருப்பவை. சுவருக்கான இலக்கணத்தைக் கைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. ஓட்டல் மெனு கார்டுக்கும் சின்னக் குழந்தைகளின் படப்புத்தகத்துக்கும் லேமினேஷன் கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். சாம்பார் சிந்தும், எச்சில் படும், துடைக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு செலவு. நல்ல தாள் விலை கூடுதல் என்பது உண்மை. ஆயிரக்கணக்கில் அச்சிடும்போது தாளின் விலையே மொத்தச் செலவில் பெரும்பங்கு, அதில் கை வைக்கத் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் 200, 300 பிரதிகள் போடுகிறவரின் கணக்கு வேறு. ஃபாயிலுக்கு ஒரு டை, எம்பாசுக்கு ஆண், பெண் என இரண்டு டை, ஸ்பாட் யூவிக்குத் தனி ஓட்டம். 100 பிரதியானாலும் 10,000 பிரதியானாலும் டைக்கான தொகை ஒன்றுதான். சின்ன எண்ணிக்கையில் ஒரு பிரதிமேல் அது பெரும் சுமையாக ஏறும். இந்த வேலைகளில் இரண்டைக் கைவிட்டாலே ஒருபடி உயர்ந்த தாளுக்கான பணம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அலங்காரத்துக்குச் செலவழித்துத் தாளில் மிச்சம் பிடிப்பவர்கள், கையில் படும் பொருளை மலிவாக்கிக்கொள்கிறார்கள்.

வாட்ஸப் அழைப்பிதழ் வந்துவிட்ட காலத்தில் தாளைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு என்றும் கேட்கலாம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. செய்தியைச் சொல்லும் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது. நேரில் போய்த் தட்டில் வைத்து நீட்டும் வேலை மட்டும் தாளிடம் மிஞ்சியிருக்கிறது. அந்த வேலைக்குத் தொடுகைதான் முக்கியம். திரையில் பார்த்த அதே படத்தை வழவழப்பாக அச்சிட்டுக் கொடுத்தால் அது கைபேசியின் நகல்தான்.

சுற்றுச்சூழல் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளை மறுபடி கூழாக்குவது கடினம். படலம் பிரியாமல் தொல்லை தரும். கரூர் மாவட்டத்துப் புகளூரில், 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. பழந்துணிக் கூழில் கையால் தாள் செய்யும் பட்டறைகள் புதுச்சேரியில் இருக்கின்றன. நல்ல தாள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அப்படித் தேர்ந்தெடுத்த தாளின்மேல் கடைசியில் படலத்தை ஒட்டினால் செய்த நன்மை எல்லாம் வீண்.

ஆகவே அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது கோப்பைத் திறந்து காட்டுவதற்கு முன், இரண்டு மூன்று தாள்களில் எதுவும் அச்சிடாத வெள்ளை டம்மி செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதிக நேரம் பிடிக்காத வேலை. கேட்டால் செய்து தருவார்கள். அதை மடித்துப் பாருங்கள், உங்கள் பேனாவால் எழுதிப் பாருங்கள், மூலையில் மஞ்சளைத் தொட்டு வையுங்கள், ஓர் இரவு வீட்டு மேசைமேல் விட்டுக் காலையில் சுருண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு வடிவமைப்பாளரிடம் பேசுங்கள்.