விளைபொருளுக்கும் ஒரு ஜாதகம்
(வானொலி வேளாண் அரங்கில் நிகழ்த்திய உரை)



நம்ம தோட்டத்துத் தக்காளி மண்டிக்குப் போனதும் நாலு பேர் சரக்கோடு ஒரே குவியலாகி விடுகிறது. அப்புறம் அது யார் வீட்டுத் தக்காளி என்று யாருக்கும் தெரியாது. "வித்து முடிச்ச பிறகு நமக்கென்ன அய்யா?" என்று கேட்பீர்கள். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ரொமைன் என்னும் லெட்டூஸ் கீரையைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு ஈ.கோலை என்ற கிருமி தொற்றியது. 210 பேர் நோயில் விழுந்தார்கள். 5 பேர் இறந்து போனார்கள். விசாரித்ததில் அது யூமா வட்டாரத்துக் கீரை என்றும், அங்குள்ள பாசன வாய்க்கால் தண்ணீரில் அதே கிருமி இருக்கிறது என்றும் தெரிந்தது. அதே வருஷம் நவம்பரில் மறுபடியும் நோய். இந்தத் தடவை கீரை எங்கே விளைந்தது என்று உடனே சொல்ல முடியவில்லை. நவம்பர் 20-ந் தேதி, "நாட்டில் எந்த ரொமைன் கீரையும் சாப்பிடாதீர்கள், வீட்டில் இருந்தால் எறிந்து விடுங்கள்" என்று அறிவித்து விட்டார்கள். கலிபோர்னியாவின் சில பகுதிகளில்தான் கோளாறு என்று சொல்ல மேலும் 6 நாள் பிடித்தது. அதற்குள் நல்ல தண்ணீர் பாய்ச்சினவர் கீரையும் குப்பைக்குப் போயிற்று. தன் கீரை சுத்தமானது என்று காட்ட அவர் கையில் ஒன்றுமில்லை.

இந்தக் கஷ்டத்துக்கு மருந்தாகத்தான் "பிளாக்செயின்" என்ற முறையைச் சொல்கிறார்கள். பேர்தான் புதுசு. விஷயம் நமக்குத் தெரிந்ததே.

ஊரில் பத்துப் பேர் சீட்டுப் போடுகிறோம். கணக்கு நோட்டு ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால், அவர் மாற்றி எழுதினாலும் நமக்குத் தெரியாது. பத்துப் பேர் வீட்டிலும் அதே நோட்டு இருந்தால்? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முன்பக்க மொத்தத்தைக் கொண்டு வந்து எழுதுகிறோம் அல்லவா? நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் பின்னால் வருகிற பக்கமெல்லாம் இடிக்கும். மற்ற ஒன்பது நோட்டும் காட்டிக் கொடுத்து விடும். இதையே கம்ப்யூட்டரில் செய்வதுதான் பிளாக்செயின். தோட்டக்காரர், வியாபாரி, லாரிக்காரர், கடைக்காரர் என்று அவரவர் எழுதுவது எல்லார் நோட்டிலும் ஏறும். பிறகு யாரும் சத்தமில்லாமல் அழிக்க முடியாது.

வால்மார்ட் என்னும் பெரிய கடைக் கம்பெனி, நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்றை எடுத்து, "இது எந்தத் தோட்டத்துப் பழம்?" என்று தேடிப் பார்த்தது. பழைய முறையில் கிட்டத்தட்ட 7 நாள் ஆயிற்று. ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து பிளாக்செயினில் பதிந்த பிறகு 2.2 விநாடிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழியில் இருந்த ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதி வைத்ததால்தான் அந்த 2.2 விநாடி.

இதில் ஒரு குறையும் உண்டு. நோட்டு பொய்யை மெய்யாக்காது. எழுதாததைச் சொல்லவும் சொல்லாது. நம் நாட்டுத் திராட்சையையே பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்கு, மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபீடா "கிரேப்நெட்" என்ற பதிவு முறையைக் கொண்டு வந்தது. அது பிளாக்செயின் அல்ல. சாதாரணக் கம்ப்யூட்டர் கணக்குத்தான். பெட்டியிலுள்ள எண்ணை வைத்துத் தோட்டம் வரை போகலாம். அப்படியிருந்தும் 2010-இல், குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி மருந்தின் மிச்சம் இருந்ததால் அங்கே நம் சரக்கு தடைப்பட்டது. காரணம், இங்கே சோதிக்க வேண்டிய மருந்துப் பட்டியலில் அதன் பேரே இல்லை!

ஆகவே, மெஷின் வரும்போது வரட்டும். ஆணிவேர் நம் கையில் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

1. எந்த வயல், என்ன ரகம், விதைத்த தேதி, எந்தத் தண்ணீர்.
2. தெளித்த மருந்தின் பேர், அளவு, தேதி. கடை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.
3. அறுவடைத் தேதி. கடைசித் தெளிப்புக்குப் பிறகு, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழிந்ததா என்று பாருங்கள்.
4. யாருக்கு, எத்தனை மூட்டை, என்றைக்குக் கொடுத்தோம்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். மாசக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கணக்கு இல்லை, கதை. எழுத நேரமில்லை என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள்.

நாளைக்கு ஒரு சரக்கில் கோளாறு என்று ஊர் முழுவதையும் நிறுத்தினால், "என் வயல் இதில் சேராது, இதோ பாருங்கள்" என்று எடுத்துக் காட்ட அந்த நோட்டுத்தான் சாட்சி.