பரமேஸ்வராக் கல்லூரியும் பல்கலைக்கழகமும்

கோயிலை அணைந்து கல்வி வளர்வது நம் நாட்டின் பழைய வழக்கம். முன்னேஸ்வரப் பெருமானை வணங்கும் புத்தளக் கரையோரத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், சமயத்தின் பேரால் எழுந்த கல்லூரியொன்று பல்கலைக்கழகமாக மலர்தல் அரிய நிகழ்ச்சியாகும். அந்நிகழ்ச்சி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிற் பெண்பிள்ளைகளுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார்; 1921இல் ஆண்பிள்ளைகளுக்கெனத் திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். ஆங்கிலக் கல்வியை நாடும் பிள்ளை தன் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து.

கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேறுபாடு யாது? கல்லூரி கற்பிக்கலாம்; தன் பேரிற் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் தொடங்கிய செமினரி உயர்கல்வியே அளித்தது. எனினும், அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பட்டதாரியானது சென்னைப் பல்கலைக்கழகத்திலேயாம். பாடத்தை வகுப்பவரும் பரீட்சிப்பவரும் கடலுக்கப்பால் இருந்தனர். உள்ளூர் வரலாற்றையும் மொழியையும் ஆராய அங்கு இடம் ஏது?

தெற்கே, 1873இல் எழுந்த வித்தியோதயப் பிரிவெனாவும் 1875இல் எழுந்த வித்தியாலங்காரப் பிரிவெனாவும் 1959இற் பல்கலைக்கழகங்களாயின. வடக்கு மேலும் பதினைந்து ஆண்டு காத்திருந்தது. 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டிடங்களிற் தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற்றலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதற் துணைவேந்தரானார்.

பெயர்ப்பலகையை மாற்றுவதாற் பல்கலைக்கழகம் அமைந்துவிடாது. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு ஒரு துறையில் ஆழ்ந்த பயிற்சியும், இறுதியில் மாணவர் தாமே செய்யும் ஆய்வும் வேண்டும். அதற்கு நூலகமும், ஆராயும் ஆசிரியரும் இன்றியமையாதவை.

இம்மாற்றத்தால் ஓர் இழப்பும் நேர்ந்தது. பரமேஸ்வரா என்னும் பாடசாலை மறைந்தது. ஆயின், அந்நிலத்திற் சிவாலயம் நிலைபெற்றிருக்கிறது. இந்து நாகரிகத்தோடு கிறிஸ்தவ, இஸ்லாமிய நாகரிகங்களும் அங்குப் பாடங்களாயின. சைவப் பிள்ளைகளுக்கெனத் திறந்த வாயில் எல்லாச் சமயத்தவருக்கும் உரியதாயிற்று. முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் தமிழ்மூலம் கற்கும் பிள்ளைக்கும் அது திறந்தேயிருக்கிறது. அவ்வாயிலை அடையும் அளவுக்கு இக்கரையோரத்துப் பாடசாலைகளில் தமிழ் வகுப்புகள் உயர்தரம்வரை தளராது நடைபெறுதல் வேண்டும். அவை குன்றுமாயின், திறந்த வாயிலாற் பயனில்லை.