பேராதனைக்கு ஒரு நாள் – சித்திரையில் போய் வருவது எப்படி?



பேராதனை என்றவுடன் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரிதான். பெரியாஸ்பத்திரி, சிறுவர் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே இருக்கின்றன. விடியுமுன் பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் இருந்து, மருந்தை வாங்கிக்கொண்டு, இருட்டியபின் லயத்துக்கு வந்து சேருகிறோம். சென்ற மாதம் ஒரு அம்மா நம்மிடம் சொன்னார்: "ஐயா, நாலு வருசமா புள்ளைய தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு வாரேன் போறேன். பூந்தோட்டத்துக் கேட்டை பஸ்ஸுல இருந்துதான் பார்த்திருக்கேன். ஒரு நாளும் உள்ளே போனதில்ல."

அவரைப் போல எத்தனையோ பேர். ஆகவே இந்த முறை, நோயில்லாத ஒரு நாளில் குடும்பத்தோடு பேராதனைக்குப் போய் வருவது எப்படி என்று எழுதுகிறோம்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருசங்களுக்கு முன் நாமே ஒரு பயணம் ஒழுங்கு செய்தோம். ஒரே நாளில் தலதா மாளிகை, கண்டிக் குளம், மார்க்கட், பூந்தோட்டம், பல்கலைக்கழகம், கோயில் என்று ஆறு இடம் எழுதி வைத்தோம். வான்காரரோடு வாடகையை மட்டும் பேசினோம். நிற்கும் நேரத்துக்கு என்ன காசு என்று பேசவில்லை. கண்டி நெரிசலிலேயே அரை நாள் போய்விட்டது. பூந்தோட்டத்துக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. டிக்கட் எடுத்து உள்ளே போனதும் இடி மழை. பிள்ளைகள் ஒரு கொட்டகைக்குள் நின்று நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் வான்காரர் கேட்ட மேலதிகக் காசுக்கு வீட்டுக்கு வீடு மீண்டும் தண்டல். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை. கண்டி டவுனை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேராதனை மட்டும் ஒரு நாளுக்குப் போதும்.

எந்த நாள்? பங்குனி, சித்திரைதான் நல்ல காலம். காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு பெரும்பாலும் இடியும் மழையும். பல்கலைக்கழகப் பக்கம் ரொபரோசியா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ரோஸ் நிறமாகப் பூத்து நிற்பதையும், கொன்றை மஞ்சளாகத் தொங்குவதையும் இந்தக் காலத்தில் பார்க்கலாம். ஆனால் ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிய நாட்களில் போக வேண்டாம். பஸ் குறைவு, கடைகள் பூட்டு, ஓடுகிற பஸ்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது. போயா தினத்திலும் சனம் அதிகம். பங்குனிக் கடைசி ஞாயிறு அல்லது வருசப்பிறப்புக்கூட்டம் ஓய்ந்த பிறகு வரும் ஞாயிறு நல்லது. ஞாயிறென்றால் பேரும் போகாது, பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லை.

எப்படிப் போவது? ஹட்டன் பக்கத்தார் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகவும், நுவரெலியாப் பக்கத்தார் றம்பொடை, புசல்லாவ வழியாகவும் கம்பளைக்கு வந்து பேராதனையை அடையலாம். கண்டி பஸ்ஸில் ஏறினாலும் கண்டி வரை போகத் தேவையில்லை. "பூந்தோட்டத்துக்கிட்ட இறக்கிவிடுங்க" என்று கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். டவுனில் இருந்து இரண்டரை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ரயிலில் போக ஆசையிருந்தால் பேராதனைச் சந்தி ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதையும் றோட்டுகளும் பல இடங்களில் உடைந்தன. ஆகவே போகும் வாரத்திலேயே ஸ்டேஷனிலும் பஸ் டிப்போவிலும் விசாரித்துவிட்டுத் தீர்மானியுங்கள். போன வருசம் போனவர் சொல்லும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் நாலாயிரம் அடிக்கு மேலே. பேராதனை ஆயிரத்து ஐந்நூறு அடிதான். இங்கே சாயங்காலம் வரை கெடாத சாப்பாடு அங்கே மத்தியானத்திலேயே ஊசிப்போகும். தேங்காய்ச் சம்பலும் பால் கறியும் வேண்டாம். ரொட்டி, கட்டச் சம்பல், நன்றாக வதக்கிய கிழங்கு, அவித்த கடலை போதும். பெரிய போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் எடுங்கள். உள்ளே குரங்குகள் இருக்கின்றன. பார்சலைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் அதற்குத்தான் விருந்து. விடியற்காலைக் குளிருக்குப் போட்ட சுவெட்டரைக் கழற்றி வைக்க ஒரு பை வேண்டும். குடையை மறக்க வேண்டாம்.

பூந்தோட்டம் 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் வயசானவர்களுக்குக் கால் வலிதான் மிஞ்சும். ஓர்க்கிட் பூ வீடு, பனை மரச் சாலை, புல்வெளியில் குடை பிடித்த மாதிரி படர்ந்து நிற்கும் பெரிய அத்தி இனத்து மரம், ஆற்றோரத்து இராட்சத மூங்கில் – இவை போதும். அந்த மூங்கில் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓரடி கூட வளரும் என்று சொன்னால் பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். மரங்களில் வௌவால் கூட்டம் கூட்டமாகத் தொங்குவதையும் காட்டுங்கள். 1901இல் இங்கிலாந்து அரச குடும்பத்தார் நட்ட நாகலிங்க மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பூவைக் கண்டதும் சாமிக்கு என்று நம் பெண்கள் கை நீட்டுவார்கள். அங்கே எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது. தொங்கு பாலத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையில் போட்டிருப்பதை மதித்து நடவுங்கள். ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

நமக்கு இந்த இடத்தோடு ஒரு சொந்தமும் உண்டு. 1821இல் தொடங்கிய இந்தப் பூந்தோட்டத்துக்குத்தான் 1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடி வந்தது. 1839இல் அசாமிலிருந்து விதையும் வந்தது. அப்போது மலையெல்லாம் கோப்பி. தேயிலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அடுத்த இரண்டு வருசத்தில் கோப்பிக்கு இலை நோய் வந்து பிடித்தது. நாளடைவில் கோப்பி அழிய, தேயிலை மலையைப் பிடித்தது. அதற்குப் பிறகு நடந்தது நம் பாட்டன் பூட்டன் கதை. பிள்ளைகளை அங்கே நிறுத்தி இதைச் சொல்லுங்கள். பாடசாலைப் புத்தகத்தில் படிப்பதை விட இது மனதில் நிற்கும்.

பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பல்கலைக்கழகப் பக்கம் போங்கள். 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகம் இது. மேட்டில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. கொஞ்சம் ஏற வேண்டும். கோயில் திறக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டு வைத்தால் ஏமாற்றம் இல்லை. ஏ.எல். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த இடத்தை மட்டும் விட வேண்டாம். நம் லயத்துப் பிள்ளைகளும் அந்த றோட்டில் புத்தகத்தோடு நடந்திருக்கிறார்கள்.

திரும்புவதுதான் கஷ்டம். ஞாயிறு பின்னேரம் கண்டியிலிருந்து வரும் பஸ்கள் பேராதனைக்கு வரும்போதே நிறைந்திருக்கும். வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரரும் இருந்தால், எதிர்ப் பஸ்ஸில் கண்டி பஸ் நிலையத்துக்குப் போய் அங்கேயே ஏறுங்கள். கொஞ்சம் காசு கூடப் போகும், ஆனால் இருந்து வரலாம். எப்படியும் மூன்று மணிக்குப் பின் அங்கே நிற்காதீர்கள். டவுனிலிருந்து தோட்டத்துக்கு வரும் கடைசிப் பஸ்ஸையும் கணக்கில் வைக்க வேண்டுமல்லவா?

காசு விஷயத்தில் கடன் வாங்கிப் போக வேண்டாம். போகவர பஸ், உள்ளே போகும் டிக்கட், பெரியவர்களுக்கு ஒரு தேத்தண்ணி, பிள்ளைகளுக்கு ஒரு ஐஸ்கிறீம் – இவ்வளவையும் முதலே எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஐஸ்கிறீமை எழுதாமல் விட்டால் சண்டை நிச்சயம்! இரண்டு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் பாரம் தெரியாது. பெரியவர்கள் அடையாள அட்டை கொண்டுபோங்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பெயர், தோட்டம், டிவிசன், தகப்பனின் போன் நம்பர் எழுதிய துண்டு இருக்கட்டும். தவறிப்போனால் அந்தப் பெரிய அத்தி மரத்தடியில் சந்திப்பது என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கூட்டமாகப் போக விரும்புகிறவர்கள் மாசிச் சம்பளத்துக்கு முன் பிள்ளைக் காம்பராவிலோ நம் ஓபிஸிலோ பெயர் கொடுக்கலாம். வான் பேசுவதென்றால் இம்முறை வாடகை, நிற்கும் நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான். கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகும் அந்த அம்மா முதலாவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்.